வாடகைக்காரராக மட்டும் அறிந்த மண்டபம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு மண்டபம் கொடுக்கும் தேவாலயங்கள் வாடகையை உயர்த்திக்கொண்டே போகின்றன என்று சென்ற மாதம் தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊர்ப் பாடசாலையின் வரவு செலவைப் பல ஆண்டுகள் பார்த்துவந்தவன் என்ற முறையில் அவருடைய மனக்குறை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால், “ஞாயிற்றுக்கிழமைகூடப் பத்துக் கிழவர்கள் மட்டும் வந்துபோகும் ஆளில்லாத கட்டடத்துக்கு இவ்வளவு பணமா?” என்று அவர் கேட்டிருந்தாரே, அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கிறிஸ்தவன் அல்லன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்த சைவன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள சிறு நகரம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் பாடசாலை அங்குள்ள மெதடிஸ்த தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில் நடைபெறுகிறது. அதன் திறப்பு பல ஆண்டுகள் என் சட்டைப்பையில்தான் கிடந்தது. எந்தக் கதிரையின் கால் ஆடும், குசினியில் எந்தக் குழாய் ஒழுகும், வெப்பமூட்டியைப் போட்டால் எத்தனை நிமிடத்தில் மண்டபம் சூடாகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும், சனிக்கிழமை ஒரு மணிக்குக் கதவைப் பூட்டிய பிறகு அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. என் மனைவி காலமான ஆண்டில், செப்டெம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பாடசாலையின் வரவுப் பதிவேட்டை அங்கே விட்டுவந்த நினைவு வந்து எடுக்கப் போனேன். உள்ளே முப்பது பேர் வரை இருந்தார்கள். நான் யார், எதற்கு வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பால் விடவா, சீனி எத்தனை கரண்டி என்று மட்டும் கேட்டார்கள். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு, பதிவேட்டை எடுக்காமலே வீடு திரும்பினேன். அதன் பின்னர் ஆறு இலையுதிர்காலங்கள் கடந்துவிட்டன.

இலையுதிர்காலத்தை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. செப்டெம்பர் 1ஆம் திகதி தொடங்குகிறது. அங்கே போதகர்கள் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. சில ஆண்டுகள் பணியாற்றியபின் வேறு சேகரத்துக்கு, அதாவது தேவாலயங்களின் வேறொரு தொகுதிக்கு, அனுப்பப்படுவார்கள். அந்த மாற்றங்கள் கோடை முடியும்போது நடந்து, புதிய போதகரை வரவேற்கும் வழிபாடு செப்டெம்பரின் முதல் நாட்களில் நடைபெறும். குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்து மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த ஜோன் வெஸ்லியின் (1703–1791) காலத்துப் பழக்கத்தின் எச்சம் இது. ஒரு சேகரத்தில் தேவாலயங்கள் பலவும் போதகர்கள் சிலருமே இருப்பதால், பயிற்சி பெற்ற சாதாரண உறுப்பினர்களும் ஞாயிறு வழிபாடுகளைப் பொறுப்பேற்று நடத்துகிறார்கள். எந்த ஞாயிறு எந்தத் தேவாலயத்தில் யார் என்பதை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அட்டவணையாக அச்சிட்டுக் கதவருகே தொங்கவிடுவார்கள். எங்கள் ஊர் அட்டவணையில் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவரும் தாதி ஒருவரும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் கலைந்துபோன கோப்பிக் காலை, பின்னல் வேலைக் குழு, கைக்குழந்தைகளோடு வரும் தாய்மாரின் கூட்டம், புதன்கிழமை மதியச் சாப்பாடு எல்லாம் அந்த மாதத்தில்தான் மறுபடி கூடுகின்றன.

செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ வருவது அறுவடைத் திருநாள். அதை நமது தைப்பொங்கலைப்போல நெடுங்கால வழக்கு என்றே நான் எண்ணியிருந்தேன். தேவாலயத்துக்குள் இன்றுள்ள வடிவில் அதை 1843இல் தொடங்கிவைத்தவர் கோர்ன்வோலின் மோர்வென்ஸ்ரோ என்னும் கடலோரக் கிராமத்து அங்கிலிக்கன் குருவானவரான ரொபேர்ட் ஹோக்கர் என்றும், பிற சபைகள் அதைப் பின்னர் ஏற்றுக்கொண்டன என்றும் பிறகுதான் அறிந்தேன். கதிர்க்கட்டு வடிவில் சுட்ட பெரிய பாண் ஒன்று மேசையின் நடுவில் இருக்கும். ஒருகாலத்தில் அதைச் சுற்றி அவரவர் தோட்டத்து ஆப்பிளும் பூசணியும் உருளைக்கிழங்கும் குவிந்திருக்குமாம். இப்போது குவிவது பெரும்பாலும் ரின்களும் பைக்கற்றுகளுமே: ரின்மீன், நீண்டநாள் கெடாத பால், பாஸ்ரா, பற்பசை, குழந்தைகளுக்கான அணையாடை. திங்கட்கிழமை காலை அவை பெட்டிகளில் அடுக்கப்பட்டு உணவு வங்கிக்குப் போய்விடும். ரின்னை வைத்து அறுவடை கொண்டாடுவது முதலில் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தான் செய்தால் பெரிதாகச் செய்யவேண்டும் என்று, முதலாம் ஆண்டு பத்துக் கிலோ சிவப்பரிசி மூடை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு போனேன். பொறுப்பாக இருந்த அம்மையார் மிகுந்த நன்றியுடன் பெற்றுக்கொண்டார். பிறகு சற்றுத் தயங்கி, இதை ஒரு கிலோப் பைகளாகப் பிரிக்க எனக்கு உதவுவீர்களா என்று கேட்டார். உணவு வங்கிக்கு வருபவர்களில் பலர் முற்பணம் போட்டால்தான் அடுப்பு எரியும் மீற்றர் பூட்டிய வீடுகளில் இருக்கிறார்கள் என்றும், நெடுநேரம் அவியவேண்டிய அரிசியைக் கொடுக்கும்போது அவர்களுடைய எரிவாயுச் செலவையும் நினைக்கவேண்டியிருக்கிறது என்றும் பைகளைக் கட்டிக்கொண்டே விளக்கினார். மறு ஆண்டு விரைவில் வேகும் மைசூர்ப் பருப்பும் ரின்மீனும் கொண்டுபோனேன்.

அறுவடை வழிபாட்டின் பின் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் மதிய உணவு உண்டு. அவர்களுடைய சமையலில் உப்பும் உறைப்பும் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். எனது கத்தரிக்காய்க் குழம்பு முதலாம் ஆண்டு பாதிக்கு மேல் மிஞ்சியது, மூன்றாம் ஆண்டு பாத்திரத்தை வழித்துவிட்டார்கள். குடிப்பதற்குத் தேநீரும் பழரசமும் மட்டுமே. மெதடிஸ்த வளவுக்குள் மதுபானம் கூடாது என்ற விதியைப் பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் கேட்கப்போன இடத்தில் முதன்முதலாகக் கேள்விப்பட்டு மனம் நொந்த நம்மவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுடைய திருவிருந்திலும்கூடப் புளிக்காத திராட்சைரசம்தான், சின்னஞ்சிறு கிண்ணங்களில். தேநீரின் கதை வேறு. ஜோன் வெஸ்லி 1746இல் தேநீரைக் கைவிட்டு, அதற்கு எதிராக 1748இல் நீண்டதொரு கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டவர். தேயிலைக்குக் கொடுக்கும் காசை மிச்சம்பிடித்து இல்லாதவர்களுக்கு உதவலாம் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அவருடைய வழிவந்தவர்களின் மண்டபமோ இன்று பெரியதொரு தேநீர்க் கொதிகலனைச் சுற்றித்தான் இயங்குகிறது. பச்சை நிறத்துப் பழைய பீங்கான் கோப்பைகளில் அவர்கள் ஊற்றித் தருவது எங்கள் இலங்கைத் தேயிலை என்று ஒருமுறை பெருமையடித்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கென்யா என்று இருந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு, இந்த நாட்டில் தனியாக வாழும் முதியவர்களின் நாள் எப்படிக் கழிகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நவம்பரில் பிற்பகல் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அதன்பின் யாரேனும் கதவைத் தட்டினாலும் திறக்க மனம் வராது. தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசி முடித்தபின் வீடு முன்னிருந்ததைவிட அமைதியாகிவிடும். அந்த மாதங்களில் நடந்துபோகும் தொலைவில் ஒரு சூடான அறையும், அங்கே நம்மைப் பெயர் சொல்லி அழைக்க இரண்டு பேரும் இருப்பது சிறிய காரியம் அன்று. 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எரிபொருள் விலை ஏறியபோது நாடெங்கும் பல தேவாலயங்கள் தங்கள் மண்டபங்களைச் சூடேற்றி எவரும் வந்திருக்கலாம் என்று திறந்துவைத்தன. எங்கள் ஊரிலும் திறந்தார்கள். வீட்டில் வெப்பமூட்டியைப் போடக் கட்டுப்படியாகவில்லை, அதனால் வந்தோம் என்று சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்கள் ஜூன் மாதத்திலும் வந்துகொண்டிருந்தார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில், அந்த ஆண்டு இறந்தவர்களை நினைவுகூரும் வழிபாடு ஒன்று நடைபெறும். சபை உறுப்பினர்தான் என்றில்லை, உறவை இழந்த எவரும் பெயர் கொடுக்கலாம். நான் போகத் தொடங்கிய ஆண்டில், தேநீர் நேரத்தில் ஒருவர் என் அருகே வந்து அமர்ந்து, உங்கள் மனைவியின் பெயரையும் வாசிக்கலாமா, அதைச் சரியாக உச்சரிப்பது எப்படி என்று கேட்டார். ழகரம் உள்ள பெயர் அது. மூன்று செவ்வாய்க்கிழமைகள் அந்த எழுத்தை என்னிடம் பழகினார். வழிபாட்டில் பிழையின்றிச் சொன்னார் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை, லகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையில் எங்கோ நின்றுவிட்டார். திருநீறு பூசிய நெற்றியோடு எழுந்துபோய் மெழுகுதிரியை நான் ஏற்றினேன். அந்தியேட்டியையும் மாசியங்களையும் வீட்டில் முறைப்படி செய்திருந்தோம். அவற்றுக்கு இது ஈடு என்று சொல்லவரவில்லை. தன்னைக் கண்டிராத நாற்பது பேர் எழுந்துநிற்க ஓர் அந்நிய ஊரில் அவளுடைய பெயர் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். சில நாட்களில் போர்களில் மாண்டோருக்கான ஞாயிறும் இரண்டு நிமிட மௌனமும் வரும். யார் யாருக்காகத் தலைகுனிந்து நிற்கிறார் என்று அந்த மௌனத்தில் ஒருவரும் கேட்பதில்லை என்பது, போரைக் கண்டு வந்த எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்தப் பழக்கங்களின் வேர் பழையது. 1742இல் பிறிஸ்ரல் நகரில், தாங்கள் கட்டிய கூடத்தின் கடனை அடைக்க வழி தேடிய வெஸ்லியின் அடியார்கள், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்றும், பன்னிருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று வாரந்தோறும் வசூலிப்பதென்றும், கொடுக்க இயலாதவரின் பங்கைப் பொறுப்பாளரே போட்டுவிடுவதென்றும் ஏற்பாடு செய்தார்கள். காசுக்காகக் கதவைத் தட்டப்போனவர்கள் வீட்டுக்குள் இருந்த நோயையும் வறுமையையும் பிணக்கையும் கண்டுவந்து சொன்னார்கள். கடன் வசூலிக்கும் முறை மனிதரை விசாரிக்கும் முறையாக மாறிற்று. கணக்காளனாக உழைத்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தச் சபையின் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சபையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒருவர் என்று விசாரிக்க ஆள் குறித்திருக்கிறார்கள். நான் எவருடைய பட்டியலிலும் இல்லாதவன். ஆயினும் சென்ற நவம்பரில் காய்ச்சலாகி இரண்டு செவ்வாய்க்கிழமைகள் போகாமல் விட்டபோது, எண்பது வயதைக் கடந்த ஒருவர் பேருந்து ஏறி, சுடுநீர்ப் போத்தலில் சூப் எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். உப்பில்லாத சூப்தான்.

“பத்துக் கிழவர்கள்” என்ற கணக்கில் உண்மை இல்லாமல் இல்லை. 1932இல் மூன்று பிரிவுகள் ஒன்றிணைந்து இன்றைய பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை உருவானபோது அதற்கு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள்; இன்று இரண்டு இலட்சமும் இல்லை. ஆண்டுதோறும் தேவாலயங்கள் மூடப்படுகின்றன. எங்கள் ஊரிலும் ஞாயிறு வருவோர் நாற்பது பேர்தான், அவர்களில் இளையவருக்கே அறுபது வயது இருக்கும். ஆனால் கிழமைநாட்களில் அந்தக் கதவால் உள்ளே வருவோரை நானே ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். ஞாயிற்றுக் கூட்டத்தைப்போல் நான்கு மடங்கு வந்தது. சபை வெளியிடும் ஆண்டுக் கணக்கையும் தொழில் பழக்கத்தால் வரி வரியாகப் பார்த்தேன். கூரைத் திருத்தமும் காப்புறுதியும் எரிவாயுவும் விழுங்குவதுபோக மண்டப வாடகையில் மிஞ்சுவது எதுவுமில்லை. நமது பிள்ளைகள் சனிக்கிழமை ‘அ, ஆ’ படிக்கக் கொடுக்கும் பணத்தில்தான் செவ்வாய்க்கிழமை அந்த மண்டபம் சூடாகிறது.

இதில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. மெதடிஸ்த மிஷனரிமாரை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட தோமஸ் கோக் 1814ஆம் ஆண்டு மே மாதம் நடுக்கடலிலேயே இறந்துபோனார். தலைவரை இழந்த இளைஞர்கள் ஜூன் இறுதியில் காலித் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள், ஓல்ட் மட்டக்களப்புக்குப் போனார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி, மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, நான் படித்த பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. எங்கள் செவ்வாய்க்கிழமை மேசையில் தொண்ணூறு வயதை நெருங்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். சிறுமியாக இருந்தபோது வெளிநாட்டு மிஷன் பள்ளிகளுக்கென்று ஒரு சின்னப் புத்தகத்தையும் உண்டியலையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பென்னி சேர்த்தாராம். அந்தக் காசு எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. பருத்தித்துறை என்ற பெயரையே என்னிடம்தான் முதன்முதலாகக் கேட்டார். நான் இருந்து படித்த வாங்கில் ஒரு பலகையாவது அவருடைய பென்னியில் வந்திருக்கலாம் என்று சொன்னேன். அப்படியானால் நன்றாகப் படித்தாயா என்று கேட்டார்.

மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் தங்கை கொழும்பிலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். ஆறு ஆண்டுகளில் அப்படி ஒரு பேச்சை என்னிடம் ஒருவரும் எடுத்ததில்லை. ஞாயிறு வழிபாட்டுக்கு வரலாமே என்று அழைத்தார்கள், அறுவடைக்கும் நினைவு வழிபாட்டுக்கும் மட்டும் போகிறேன். அவர்களிடம் குறை இல்லாமலும் இல்லை. வானிலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். குசினிக் குழாயைத் திருத்துவதற்கு மூன்று குழுக்கள் கூடவேண்டும். அதைவிடப் பெரிய குறை, இத்தனை ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் எழுபது தமிழ்ப் பிள்ளைகள் வந்துபோயும், அவர்களிடமிருந்து ஒருவராவது எட்டிப் பார்த்து நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. ஆனால் கதிரைகளை அடுக்காமல் போய்விடுவதைத் தவிர நாமும் அவர்களுக்கு எந்த அடையாளமும் விட்டுவந்ததில்லையே.

ஆறுமுக நாவலரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் நாவலர். அங்கே கண்ட பிரசங்க முறையை எடுத்துக்கொண்டுபோய் 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கமாகத் தொடங்கினார். மறு ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தம் சமயத்தில் அணுவளவும் தளராமல், எதிரே இருந்தவர்களிடம் பயனுள்ளதைக் கண்டபோது தயங்காமல் எடுத்துக்கொண்டவர் அவர். நமது கோயில்களின் மண்டபங்கள் பூசை முடிந்ததும் பூட்டப்படுகின்றன. நமது சங்கங்கள் கூடுவதெல்லாம் இரவில், நெடுந்தூரத்தில், ஒலிபெருக்கியின் முன்னால். கார் ஓட்டாத முதியவர் அங்கே வருவதற்கு மகனுடைய ஓய்வு நாளைப் பார்த்திருக்கவேண்டும். செப்டெம்பர் முதல் மார்ச் வரை கிழமையில் ஒரு காலை, பேச்சாளரும் பொன்னாடையும் இல்லாமல், தேநீரும் நாலு கதிரையும் மட்டும் வைத்துக் கதவைத் திறந்துவிடுவதற்கு எந்தச் சங்கத்துக்கும் பெரிய செலவு வராது. வராதவரை விசாரிக்க ஒரு பட்டியலும் ஓர் ஆளும் வேண்டும்; அதைத்தான் நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பாடசாலையில் இந்த ஆண்டு அறுவடைத் திருநாளுக்குப் பிள்ளைக்கு ஒரு ரின் என்று கேட்டிருக்கிறோம். வாடகை உயர்வைப் பற்றிப் பேச நிருவாகக் குழுவினரைப் போதகர் அழைத்திருக்கிறார். அலுவலகத்துக்கு அன்று, செவ்வாய்க்கிழமை காலைத் தேநீருக்கு. அன்பரும் தமது பாடசாலை நடக்கும் மண்டபத்துக்குக் கிழமைநாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் தங்களுக்கு எழுதட்டும். அப்போதும் வாடகை கூடுதல் என்று அவருக்குத் தோன்றினால், அந்தக் கடிதத்தில் நானும் கையொப்பமிடத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
மிட்லண்ட்ஸ், இங்கிலாந்து.